பதினேழு மில்லி நொடியில் ஒரு படம்

திரைப்படம் ஓடுகிறது, விளையாட்டு திக்குகிறது

பழைய கணினி உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. யூடியூபில் முழு எச்டி படம் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. கார்கள் பறக்கின்றன, கட்டடங்கள் சரிகின்றன, ஓர் இடத்திலும் படம் நிற்பதில்லை. அதே திரையில் ஒரு கார் பந்தய விளையாட்டைத் திறந்தால் முதல் வளைவிலேயே காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது. வீட்டுப் பையன் "லேக் ஆகுது" என்கிறான். கடைக்காரர் "கிராபிக்ஸ் கார்டு போடணும்" என்கிறார். இவ்வளவு தெளிவாகப் படம் காட்டும் கணினிக்கு, படம் காட்ட இன்னொரு கார்டு எதற்கு?

திரைப்படத்தின் ஒவ்வொரு காட்சியும் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது. சுருக்கி அனுப்பப்பட்ட அந்தப் படங்களை விரித்துக் காட்டுவது மட்டுமே கணினியின் வேலை. அதற்கென்றே ஒரு தனிச் சுற்றை இன்டெலும் ஏஎம்டியும் பல ஆண்டுகளாகத் தங்கள் சில்லுகளுக்குள் வைத்துவருகின்றன. அடுத்து என்ன காட்சி என்பதும் முன்கூட்டியே தெரியும் என்பதால், சில நொடிகளுக்கானதை இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகக் காட்டலாம்.

விளையாட்டில் அடுத்த படம் இன்னும் பிறக்கவே இல்லை. ஆடுபவர் காரை எந்தப் பக்கம் திருப்புவார் என்பது அவர் விசையைத் தொடும்வரை யாருக்கும் தெரியாது. தொட்ட பிறகு சாலை, மரம், எதிரே வரும் லாரி, அதன் நிழல், நனைந்த தாரில் மின்னும் விளக்கொளி எல்லாவற்றையும் அந்தக் கோணத்திலிருந்து புதிதாக வரைய வேண்டும். வரைந்து காட்டியதும் அந்தப் படம் கழிந்துபோகும். அடுத்ததை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இந்த வரையும் வேலைக்காக உருவானது.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்

இப்படி வரையப்படும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். வீட்டுத் திரைகளில் பெரும்பாலானவை நொடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஃபிரேம் தயாராக இருந்தால் காட்சி வழுக்கிக்கொண்டு நகர்வதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஒரு நொடியின் ஆயிரம் மில்லி நொடிகளை அறுபதால் வகுத்தால் கிடைப்பது 16.7. ஆக, ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய பதினேழு மில்லி நொடி. நொடிக்கு 30 ஃபிரேம் போதும் என்றால் 33 மில்லி நொடி அவகாசம் உண்டு. நிதானமான விளையாட்டுகளுக்கு அது போதும். ஒரு ஃபிரேமுக்கு 50 மில்லி நொடி ஆகிவிட்டால் நொடிக்கு 20 ஃபிரேம்தான் வரும். அங்கே கை ஒன்று செய்ய, கண் வேறொன்று பார்க்கிறது.

முழு எச்டி திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் இருக்கின்றன. மொத்தம் 20,73,600. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானித்தாக வேண்டும். அதுவும் ஒரே தடவையில் முடிவதில்லை. விளையாட்டின் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு முக்கோணமும் திரையில் எங்கே விழுகிறது, எந்தப் புள்ளிகளை மூடுகிறது, அங்கே ஒட்டவேண்டிய மேற்பரப்புப் படம் எது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழல் விழுகிறதா என்று அடுக்கடுக்காகக் கணக்குப் போட வேண்டும். லாரிக்குப் பின்னால் மரம் இருந்தால், மரத்துக்கு நிறம் தீட்டிய பிறகு அதன்மேல் லாரியின் நிறம் வந்து மூடவும் கூடும். அப்போது ஒரே புள்ளிக்கு இரண்டு முறை உழைப்பு.

ஒரே கணக்கு, இருபது லட்சம் முறை

இந்தக் கணக்குகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. திரையின் இடது ஓரத்துப் புள்ளியின் நிறத்தைக் கண்டுபிடிக்க, வலது ஓரத்துப் புள்ளியின் நிறம் தெரிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் போடலாம். கணினியின் புராசசரோ இதற்கு நேர்மாறான வேலைக்கு வார்க்கப்பட்டது. ஒன்றன் விடையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் சிக்கலான வேலைகளுக்கு அதில் நான்கோ ஆறோ வலிமையான கோர்கள் இருக்கும். கிராபிக்ஸ் கார்டில் இருப்பவை எளிய கணக்கை மட்டும் போடத் தெரிந்த சிறு கோர்கள், நூற்றுக்கணக்கில். 2019இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் 896. 2021இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டில் 1792.

இந்தப் பிரிவினைக்கு நெடிய வரலாறு இல்லை. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு, புள்ளிகளுக்கு நிறம் தீட்டும் வேலையைப் புராசசரிடமிருந்து வாங்கிக்கொண்டது. 1999இல் வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256, முக்கோணங்களை இடம் பெயர்த்து ஒளி கணக்கிடும் வேலையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து விளையாட்டின் படம் கார்டின் பொறுப்பு; விளையாட்டின் போக்கு புராசசரின் பொறுப்பு.

தனிக் கார்டு இல்லாத கணினியிலும் ஒரு சிறிய வரைகலைப் பகுதி புராசசருக்குள்ளேயே ஒட்டியிருக்கும். 2015இல் வந்த இன்டெல் ஐ5-6500 புராசசருக்குள் இருப்பது எச்டி கிராபிக்ஸ் 530. அலுவலக வேலைக்கு அது தாராளம். முப்பரிமாண விளையாட்டுக்கு மிகவும் சிறியது. அதைவிடப் பெரிய குறை, அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது.

நினைவகத்தின் கடத்துவேகம்

நிறம் தீட்ட வேண்டிய மேற்பரப்புப் படங்கள், பாதி முடிந்த ஃபிரேம், நிழல் வரைபடம் எல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும். கோர்கள் எத்தனை இருந்தாலும், அங்கிருந்து தரவு வந்து சேராவிட்டால் சும்மா நிற்க வேண்டியதுதான். ஒரு நொடியில் எத்தனை ஜிபி தரவை நினைவகத்திலிருந்து நகர்த்த முடியும் என்ற அளவை இங்கே கடத்துவேகம் என்று அழைக்கலாம்.

ஐ5-6500 கணினியில் ஒரே ஒரு டிடிஆர்4-2133 ரேம் பொருத்தியிருந்தால் கடத்துவேகம் நொடிக்கு 17 ஜிபி. அதையும் புராசசரும் வரைகலைப் பகுதியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதே அளவுள்ள இன்னொரு ரேமை உரிய ஸ்லாட்டில் சேர்த்தால் இரண்டும் இணைந்து 34 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் சொந்த நினைவகத்துக்கு 128 ஜிபி. விலைப் பட்டியலில் இந்த எண்ணைக் காண்பது அரிது. கடையில் "எத்தனை ஜிபி கார்டு" என்ற ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. நினைவகத்தின் கொள்ளளவு வேறு, கடத்துவேகம் வேறு என்பது சொல்லப்படாமலே வியாபாரம் முடிகிறது.

அதன் விளைவை ஜிடி 1030 என்ற மலிவுக் கார்டில் பார்க்கலாம். 2017இல் வந்தபோது அதில் இருந்தது ஜிடிடிஆர்5 வகை நினைவகம், கடத்துவேகம் 48 ஜிபி. 2018இல் அதே பெயரில், சாதாரண டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொரு வடிவம் விற்பனைக்கு வந்தது. கடத்துவேகம் 16.8 ஜிபி. பெட்டியில் அதே பெயர், அதே 2 ஜிபி. விளையாட்டில் கிடைக்கும் ஃபிரேம் எண்ணிக்கையோ பல இடங்களில் பாதி. பெயரை நம்பி வாங்கியவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

கொள்ளளவுக்கும் ஒரு வேலை உண்டு. காட்சிக்குத் தேவையான மேற்பரப்புப் படங்கள் கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால், மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக இழுத்துவர வேண்டும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் முழு 16 பாதைகளும் இருந்தாலும் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நினைவகம் 4 ஜிபி. அது பயன்படுத்துவது நான்கு பாதைகளை மட்டும். நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள புதிய கணினியில் ஓரளவு சமாளித்துவிடும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய கணினியில் அந்தப் பாதையின் வேகம் சுமார் 4 ஜிபியாகக் குறுகிவிடும். நினைவகம் நிரம்பிய மறுகணம் விளையாட்டு திக்கும். பழைய கணினிக்கு மலிவாகக் கார்டு தேடுபவர்களுக்காகவே வந்ததுபோலத் தோன்றும் கார்டு, பழைய கணினியில்தான் மோசமாக ஓடுகிறது.

இருவரில் மெதுவானவர்

அதிக விலை கொடுத்து வாங்கிய கார்டு சில வீடுகளில் எதிர்பார்த்த வேகத்தைத் தராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமானது அதுதான்.

ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கை மாறி வருகிறது. எதிராளி எங்கே நிற்கிறான், தோட்டா யார்மேல் பட்டது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்பதை முதலில் புராசசர் முடிவு செய்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு அதை வரைகிறது. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே புராசசர் அடுத்த ஃபிரேமுக்கான பட்டியலைத் தொடங்கிவிடும். வீட்டில் பூரி போடும் முறை இது. ஒருவர் தேய்த்துக் கொடுக்க, மற்றவர் எண்ணெயில் போட்டு எடுக்கிறார். தேய்ப்பவர் நிமிடத்துக்கு ஐந்துதான் தேய்க்கிறார் என்றால், வாணலியை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் தட்டுக்கு வருவது ஐந்து பூரிதான்.

ஆகவே ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம், புராசசரின் நேரமும் கார்டின் நேரமும் சேர்ந்த கூட்டுத்தொகை அல்ல. இரண்டில் எது அதிகமோ அது. அந்த மெதுவான இடத்தைத் தடையிடம் என்று அழைக்கலாம். விளையாட்டு ஆர்வலர்கள் பாட்டில்நெக் என்பது இதைத்தான். மூன்றாவதாகத் திரையும் இருக்கிறது. 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையில் 100 ஃபிரேம் வரைந்து கொடுத்தாலும் நொடிக்கு 60க்கு மேல் புதிய படங்கள் தெரியப்போவதில்லை.

தடையிடம் எது என்பதை ஒரு ரூபாய் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். திரையின் புள்ளிகளைக் குறைத்தால் கார்டின் வேலை குறையும். புராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். புள்ளிகளைக் குறைத்ததும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் தடை வரைகலையில் இருக்கிறது. ஏறாமல் நின்றால் தடை புராசசரில். இந்தச் சோதனையின்போது விளையாட்டின் அமைப்புகளில் வி-சிங்க் என்பதை அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கை அறுபதிலேயே கட்டுப்பட்டு நிற்கும்.

ஓர் அலுவலகக் கணினியின் கணக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில், நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினிகள் துடைத்துச் சரிசெய்து விற்கப்படுகின்றன. குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி வேண்டுவோர் பலர் தொடங்குவது இங்கேதான். அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐ5-6500 புராசசர், 8 ஜிபி ரேம் ஒன்று, ஹார்ட் டிஸ்க், 60 முறை புதுப்பிக்கும் முழு எச்டி திரை, மின்சாரம் வழங்கும் 240 வாட் எஸ்எம்பிஎஸ். கீழே வரும் ஃபிரேம் எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இவை மாறும்.

ஒரு விளையாட்டை முழு எச்டியில் நடுத்தர அமைப்பில் ஓட்டினால் நொடிக்கு 20 ஃபிரேம் வருகிறது. அதாவது ஃபிரேமுக்கு 50 மில்லி நொடி. திரையை 1280 பெருக்கல் 720க்கு இறக்கினால் புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. எண்ணிக்கை 42க்கு ஏறுகிறது. 800 பெருக்கல் 600க்கு இறக்கினால் 76. இன்னும் கீழே 640 பெருக்கல் 480க்குப் போனாலும் அதே 76. அதற்கு மேல் நகரவில்லை. இந்த இடத்தில் புராசசர் தன் எல்லையைக் காட்டிவிட்டது. ஒரு ஃபிரேமின் பட்டியலைத் தயாரிக்க அதற்கு ஏறக்குறைய 13 மில்லி நொடி ஆகிறது. உள்ளிருக்கும் வரைகலைப் பகுதிக்கு, முழு எச்டியில், 50 மில்லி நொடி.

இப்போது கார்டு தேடலாம். உள்ளிருப்பதைவிட மூன்று மடங்கு வேகமான கார்டு 50 மில்லி நொடி வேலையை 17 மில்லி நொடியில் முடிக்கும். திரைக்குத் தேவையான 60 ஃபிரேம் அத்துடன் கிடைத்துவிடும். ஆறு மடங்கு வேகமான கார்டு சுமார் 8 மில்லி நொடியில் முடித்துவிட்டு, புராசசரின் 13 மில்லி நொடிக்காகக் காத்திருக்கும். பதினைந்து மடங்கு வேகமான கார்டு 3 மில்லி நொடியில் முடித்துவிட்டு இன்னும் நெடுநேரம் காத்திருக்கும். இரண்டுக்கும் எண்ணிக்கை அதே 76. ஆறு மடங்குக் கார்டு 12,000 ரூபாய்க்கும் பதினைந்து மடங்குக் கார்டு 24,000 ரூபாய்க்கும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இந்தக் கணினியில் இரண்டாவது கார்டின் ஒவ்வொரு ஃபிரேமும் இரட்டை விலை.

காத்திருக்கும் நேரம் முழுவதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அதைக் காட்சியின் அழகுக்குச் செலவிடலாம். நிழலின் துல்லியத்தையும் புல்லின் அடர்த்தியையும் கூட்டினால் கார்டின் 8 மில்லி நொடி 12 ஆகும். புராசசரின் வேலை பெரிதாகக் கூடாதவரை ஃபிரேம் எண்ணிக்கை குறையாது. ஆறு மடங்குக் கார்டில் அதற்குப் போதிய இடம் இருக்கிறது.

வாட்டும் அங்குலமும்

வேகத்தின் கணக்கு முடிந்தது. பெட்டிக்குள் கார்டு நுழைய வேண்டும், ஓட மின்சாரம் வேண்டும். மலிவு விலை மேம்படுத்தல்களில் பல இங்கேதான் தடுமாறுகின்றன.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக ஆறு முனை அல்லது எட்டு முனை ஒயர் வர வேண்டும். ஆறு முனை ஒயர் 75 வாட்டும் எட்டு முனை ஒயர் 150 வாட்டும் தருவதற்கு வகுக்கப்பட்டவை. அலுவலகக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் இந்த ஒயர்களே இல்லாமல்தான் வரும். டெல், எச்பி, லெனோவா அலுவலகக் கணினிகள் பலவற்றில் மதர்போர்டு இணைப்பும் வழக்கமான 24 முனையாக இருக்காது. எனவே கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டிவிடலாம் என்ற திட்டமும் நடக்காமல் போகலாம்.

எடுத்துக்கொண்ட கணினியில் புராசசருக்கு 65 வாட், மதர்போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 வாட் என்று வைக்கலாம். 75 வாட் கார்டு சேர்ந்தால் 180. 240 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்கும். 132 வாட் ஆர்எக்ஸ் 6600 சேர்ந்தால் 237. எல்லையின் விளிம்பு, எட்டு முனை ஒயரும் கிடையாது. டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை எட்டு முனையாக மாற்றும் அடாப்டர்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கவே கூடாது. சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் பகுதி தாங்குவது 54 வாட்தான். அதன் வழியே அதற்கு மேல் இழுத்தால் ஒயரும் பிளக்கும் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆக இந்தக் கணினிக்கான தேர்வு, தனி மின் ஒயர் தேவைப்படாத 75 வாட் கார்டுகளுக்குள் முடிகிறது. அவற்றுள் ஜிடிஎக்ஸ் 1650 கணக்குக்குப் பொருந்துகிறது; ஆனால் அதே பெயரிலேயே ஆறு முனை ஒயர் கேட்கும் வடிவங்களும் உண்டு என்பதால் கார்டின் படத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம் 70 வாட்தான். ஜிடிஎக்ஸ் 1650ஐவிட வேகத்திலும் நினைவகத்திலும் மேலானது. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதையே தேடுவது நல்லது. இன்டெலின் ஆர்க் ஏ380 விலையில் கவர்ச்சியானது. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதியுள்ள மதர்போர்டை அது எதிர்பார்க்கிறது. அந்த வசதி இல்லாத பழைய கணினிகளில் அதன் வேகம் வெகுவாகக் குறையும். ஆர்எக்ஸ் 6400 மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடிக்கும்; அதற்கும் நான்கு பாதைகள்தான் என்பதால் மேலே சொன்ன சிக்கல் இங்கும் பொருந்தும்.

கேபினட்டின் உயரமும் பார்க்க வேண்டும். ஒல்லியான பெட்டிகளில் அரை உயரக் கார்டுதான் நுழையும். வாங்குவதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஸ்லாட்டிலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளவு நாடாவால் அளந்துவிடுவது எல்லா விசாரிப்புகளையும்விட நம்பகமானது.

பழைய கார்டு வாங்கினால்

குறைந்த பணத்துக்கு அதிக வேகம் செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான் கிடைக்கும். எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தை வெட்டியெடுக்க உலகெங்கும் லட்சக்கணக்கான கார்டுகள் இரவுபகலாக ஓடின. 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயத்தின் செயல்முறை மாறியதும் கார்டுகளின் தேவை ஒரே நாளில் அற்றுப்போனது. அவை பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி உழைத்த கார்டு எல்லாம் கெட்டது என்றில்லை. சில்லு நிலையான வெப்பத்தில் ஓடியிருக்கும். தேய்ந்திருப்பது விசிறியும், வெப்பத்தைக் கடத்தும் பசையும், அதிகம் சூடான நினைவகச் சில்லுகளும்தான்.

ஏமாற்று அதைவிடப் பெரிய ஆபத்து. மிகப் பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதி, கணினி அதைப் புதிய கார்டு என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். பெயரில் மயக்குபவையும் உண்டு. 2018இல் சீனச் சந்தைக்கு ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்றொரு கார்டு வந்தது. உண்மையான ஆர்எக்ஸ் 580க்கு 2304 கோர்கள். இதற்கு 2048, அதாவது ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570இன் அளவு. அது பிற நாடுகளிலும் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரோடு மட்டும் விற்பனையாகிறது. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கோர் எண்ணிக்கை, நினைவக வகை, கடத்துவேகம் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். போலிக் கார்டாக இருந்தால் பல நேரங்களில் அதையும் எச்சரித்துவிடும். பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் பொட்டுப் பொட்டாக நிறம் சிதறினால் நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டியதில்லை.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற பத்தாம் வரிசைக் கார்டுகளைப் பற்றி ஒரு சொல். 2025 அக்டோபருடன் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா அவற்றுக்கு நிறுத்திவிட்டது. பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் என்றால் இன்றும் போதும்.

பொருத்திய பிறகு

கார்டு பொருத்துவது பத்து நிமிட வேலை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ஸ்லாட்டின் கொக்கி "டக்" என்று விழும்வரை அழுத்தினால் போதும். பிறகு பலர் திரையின் ஒயரைப் பழைய இடத்திலேயே, மதர்போர்டில், செருகிவிடுகிறார்கள். அப்போது திரை கறுப்பாக இருக்கும், அல்லது பழைய வேகத்திலேயே விளையாட்டு ஓடும். ஒயர் கார்டிலிருந்துதான் போக வேண்டும். திரையில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும் இருந்தால் இன்னொரு செலவும் உண்டு. இன்றைய கார்டுகளில் விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐ சமிக்ஞையை விஜிஏவாக மாற்றும் சிறு மாற்றி ஒன்று வாங்க வேண்டும்.

சராசரி 60 ஃபிரேம் வந்தும் அவ்வப்போது அரை நொடி நின்று போனால் கார்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 8 ஜிபி ரேம் நிரம்பி, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரம் அது. இன்னொரு 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் அதை நீக்கும். கையில் இருப்பது சிறு தொகை என்றால் அவை இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு, கார்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடலாம். உள்ளிருக்கும் வரைகலைப் பகுதியின் கடத்துவேகமும் இரண்டாம் ரேமோடு இரட்டிப்பாகும் என்பதால், லேசான விளையாட்டுகளில் அதன் பலன் அன்றே தெரியும்.

கார்டால் தாங்க முடியாத கனமான விளையாட்டுகளுக்கு எஃப்எஸ்ஆர் என்ற மென்பொருள் உத்தியை ஏஎம்டி 2021இல் வெளியிட்டது. 1280 பெருக்கல் 720 அளவில் வரைந்து, முழு எச்டிக்குத் தரம் அதிகம் கெடாமல் பெரிதாக்குவது அதன் வழி. வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. என்விடியாவின் பழைய கார்டுகளிலும் இது வேலை செய்கிறது. அதே நோக்கத்துக்கு என்விடியா தரும் டிஎல்எஸ்எஸ், ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டுகளில் மட்டும்தான் இயங்கும். ஜிடிஎக்ஸ் 1650க்கு அது கிடையாது.

பழைய கணினியில் பணம் போடுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு ஏற்கப்பட்ட புராசசர்களின் பட்டியலில் ஐ5-6500 போன்ற ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லுகள் இல்லை. அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தலைமுறை மாறினாலும் பழைய கார்டை ஏற்றுக்கொள்ளும் என்பதால், இன்று வாங்கும் கார்டை அடுத்த கணினிக்கும் கழற்றி எடுத்துச் செல்லலாம்; பில்லையும் அட்டைப் பெட்டியையும் வாரன்டி முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.